டாக்டர் பெல்லும் சட்டாம்பிள்ளைகளும்

சென்னை நகரின் பெயரை உலகக் கல்வி வரலாற்றில் எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் தமிழரல்லர், இந்தியரும் அல்லர். அவர் சென்னையில் வாழ்ந்தது ஒன்பதே ஆண்டுகள். ஆயினும் இங்கே அவர் கண்டதும் செய்ததும் 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு கடல் கடந்து சென்று, இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கனடாவிலும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களை ஒரு தலைமுறைக் காலம் ஆண்டது. அவர்தாம் டாக்டர் ஆண்ட்ரூ பெல். நம்மில் பலர் அவர் பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டோம். பி.எட். படிப்போர் வேண்டுமானால் இரண்டு மதிப்பெண் வினாவுக்காக ஒரு வரியில் மனப்பாடம் செய்திருப்பர்.

வகுப்பறையில் ஆசிரியருக்குத் துணையாக இன்னொருவர் நின்றால் கல்வி வளருமா, குழம்புமா? துணைநிற்பவர் செய்ய வேண்டியது யாது? ஆசிரியர் தம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டியது யாது? இவ்வினாக்களுக்கு அவருடைய வாழ்க்கை நல்ல விடையையும் தருகிறது. கெட்ட விடையையும் தருகிறது. அதனாலேயே அதனை இங்கு எழுத முற்பட்டேன்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழைய பல்கலைக்கழக ஊர் உள்ளது. அங்கே 1753ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் பெல் பிறந்தார். தந்தையார் முடிதிருத்தும் தொழிலாளி. கைத்திறனும் கூர்ந்த அறிவும் வாய்த்தவர். பிள்ளைப் பருவத்துப் பள்ளி வாழ்க்கை பெல்லுக்கு இனிக்கவில்லை. இன்றைக்கு அடி விழுமோ விழாதோ என்று நடுங்கிக்கொண்டேதான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்குப் போனதாக முதுமையிலும் அவர் நினைவுகூர்வார். இலத்தீன் இலக்கண விதிகள் அவர் தலையில் ஏறவில்லை. கணக்கு ஏறிற்று. பல்கலைக்கழகத்தில் கணிதத்திலும் இயற்கை விஞ்ஞானத்திலும் (இன்று நாம் இயற்பியல் என்று கூறுவதையே அன்று அவ்வாறு அழைத்தனர்) நற்பெயர் பெற்றார். தொழிலாளியின் மகன் ஒருவன் விஞ்ஞானம் பயின்றான் என்பதைப் படிக்கும்போது நம் கல்லூரி மாணவர்களுக்கு அவரிடம் ஓர் உறவு தோன்றாமல் போகாது. அந்த உறவு பின்னால் ஓரிடத்தில் அறுபடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1774இல் அவர் பிழைப்புத் தேடி அமெரிக்காவின் வர்ஜினியாவுக்குக் கப்பலேறினார். அங்கே பெருநிலக்கிழார் கார்ட்டர் பிராக்ஸ்டனின் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். இந்தப் பிராக்ஸ்டன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவருள் ஒருவர். போர் மூண்டு நாடு அல்லோலகல்லோலப்பட்ட நிலையில், 1781இல் பெல் தாயகம் திரும்பினார். வழியில் கப்பல் உடைந்தது, உயிர் தப்பினார். பின்னர் ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றுச் சில காலம் லீத் நகரில் ஊழியம் செய்தார். அது வருவாய்க்குப் போதவில்லை. அந்நாளில் பொருள் சேர்க்க விரும்பிய ஸ்காட்லாந்து இளைஞர்கள் எங்கே போவார்களோ அங்கேயே அவரும் புறப்பட்டார்.

1787ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் வந்து இறங்கினார். விஞ்ஞானக் கருவிகளைக் கொண்டு வெள்ளையருக்குச் சொற்பொழிவுகள் நிகழ்த்திப் பெயர் பெற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவுகளுக்குக் குருவாகும் பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு வாய்த்தன. ஒரே நேரத்தில் பல பதவிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சம்பளம். வேலை மிகச் சொற்பம். பணத்தில் அவர் கண்ணுங்கருத்துமாக இருந்தவர் என்பதை மறைப்பதற்கில்லை. அத்தகையவர் 1789இல் ஒரு பொறுப்பை ஏற்று, அதற்குச் சம்பளமே வேண்டாம் என்று கூறிவிட்டது வியப்பிற்குரியது.

அப்பொறுப்பு எழும்பூரில் அமைந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் மேற்பார்வை. இன்றைய எழும்பூர் ரயில் நிலையப் பகுதியில் அக்காலத்தில் ஒரு சிறு கோட்டை இருந்தது. அதுவே அவ்வில்லத்தின் இருப்பிடம். கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். தந்தை போரிலோ நோயிலோ மாண்டிருப்பான், அல்லது கைவிட்டிருப்பான். தாய்மார் பெரும்பாலும் இந்நாட்டுப் பெண்கள். அந்தத் தாய்மாரைப் பற்றி பெல் எழுதியவை நமக்கு உவப்பானவை அல்ல. அவர்களுடைய பழக்கவழக்கங்களிலிருந்து பிள்ளைகளை மீட்பதே தம் கடமை என்று அவர் கருதினார். ஆயினும் அப்பிள்ளைகளின் மீது அவர் காட்டிய அக்கறை பொய்யன்று.

பள்ளியின் நிலை பரிதாபமாக இருந்தது. ஒரு தலைமையாசிரியர், இரண்டு உதவி ஆசிரியர்கள். யாருக்கும் பயிற்சி கிடையாது. அரிச்சுவடி வகுப்பில் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒரே எழுத்தில் நின்றனர். பெல் தம் உதவி ஆசிரியர்களுக்குப் புது முறைகளைச் சொல்லிப் பார்த்தார். அவர்களுக்கோ பழைய தடம் போதுமானதாக இருந்தது. சிரமப்பட்டு ஒருவரைப் பழக்கினால், அவர் அந்தத் தேர்ச்சியைக் காட்டி வேறிடத்தில் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விடுவார். எஞ்சியவர் முகத்துக்கு முன் தலையாட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் பழையபடியே நடத்துவார். இந்த உதவி ஆசிரியர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை என்பது என் எண்ணம். மேலே இருப்பவர் வந்து கட்டளையிட்டுப் போனார். கீழே இருப்பவருக்கு அதில் பங்கும் இல்லை, பெருமையும் இல்லை. கூட்டுவேலை என்பது அங்கே பெயரளவில்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் பெல் குதிரையேறி உலாவச் சென்றார். வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம் தென்பட்டது. ஆங்கிலேயர் அந்நாளில் தமிழரை 'மலபார்' என்றே அழைத்தனர். எனவே அவர் எழுத்தில் அது 'மலபார் பள்ளி' ஆயிற்று. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் பரப்பிய மணலில் விரலால் எழுத்தை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தனர். காகிதம் இல்லை, பேனா இல்லை, மை இல்லை, செலவென்பதே இல்லை. நமக்கு இது புதுமையன்று. எங்கள் பக்கத்தில் எண்பது வயதைக் கடந்த முதியவர்கள் சிலர், மணலில் எழுதி எழுதி விரல்நுனி தேய்ந்த கதையை இன்னும் சொல்வதுண்டு. பெல்லுக்கோ அது பெரும்புதையலாகப் பட்டது. குதிரையைத் திருப்பிக்கொண்டு நேரே பள்ளிக்கு வந்தார். அரிச்சுவடி வகுப்பின் உதவி ஆசிரியரிடம், இனி மணலில் எழுதிக் கற்பிக்குமாறு பணித்தார்.

அது நடவாது என்று அந்த ஆசிரியர் கைவிரித்துவிட்டார். உண்மையில் முடியவில்லையோ, மனமில்லையோ!

இந்த இடத்தில்தான் பெல்லின் வாழ்க்கை திரும்புகிறது. அவர் அந்த ஆசிரியரோடு வாதாடவில்லை. மேல்வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஜான் ஃபிரிஸ்கன் என்னும் சிறுவனை அழைத்தார். சாதாரணச் சிப்பாய் ஒருவனின் மகன், வயது எட்டு. அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். செய்ய வேண்டியது இன்னது என்று காட்டிக்கொடுத்தார். வகுப்பு தேறினாலும் தேறாவிட்டாலும் பொறுப்பு உன்னுடையது, உன்னிடம் கேட்பவன் நான் ஒருவனே என்பதையும் அவனுக்கு உணர்த்தினார். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் முடித்துக்காட்டினான். பிள்ளைகள் மணலில் எழுதி எழுத்துகளைப் பிடித்துக்கொண்டனர். அதன்பின் அடுத்த கீழ்வகுப்புகளுக்கும் சிறுவர்களே ஆசிரியரும் துணையாசிரியரும் ஆயினர். ஃபிரிஸ்கன் அவர்களுக்கும் மேற்பார்வையாளன் ஆனான். சிறிது காலத்தில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் கொண்ட பள்ளி முழுவதும் இந்த ஏற்பாட்டில் நடைபெற்றது.

எட்டு வயதுப் பையன் செய்ததைச் சம்பளம் வாங்கிய ஆசிரியர் ஏன் செய்ய இயலவில்லை? பையனின் அறிவு பெரிதென்று சொல்லிவிட முடியாது. அவனுக்கு இடப்பட்ட வேலை சிறியது; தெளிவானது; தொடக்கமும் முடிவும் உடையது. எழுத்துகளைக் கற்றுக்கொண்டதும் அவனுக்கு அண்மைக் காலத்தில்தான். ஆகையால் எந்த எழுத்தில் பிள்ளை இடறுவான் என்பது அவனுக்கு மறந்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெல் நாள்தோறும் வந்து பார்த்தார். சேதி சொல்லியனுப்பும் மேற்பார்வையாளராக இல்லாமல், வகுப்பின் ஓரத்தில் நின்று கவனித்து, தவறிருந்தால் அப்போதே திருத்தி, நன்றாயிருந்தால் அப்போதே புகழ்ந்தார். இயற்பியல் ஆய்வகத்தில் நமக்கு இது விளங்கும். எந்தக் கருவியை எந்த மேசையில் வைக்க வேண்டும், எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்பது ஆய்வக உதவியாளருக்குத் தெரியும். அளவீடு ஏன் பிழைத்தது என்பது பேராசிரியருக்குத் தெரியும். சோதனை தொடங்கும் முன் இருவரும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டால் நாற்பது பேரும் ஒழுங்காக 'ரீடிங்' எடுப்போம். பேசிக்கொள்ளாத நாளில் படும் பாட்டை நான் எழுதத் தேவையில்லை.

பெல் அமைத்த ஒழுங்கு எளியது. ஒவ்வொரு வகுப்பிலும் தேர்ந்தவன் ஒருவனும் தேராதவன் ஒருவனும் இணையாக உட்காருவர். முன்னவன் பின்னவனுக்குத் துணை. வகுப்புக்கு ஓர் ஆசிரியச் சிறுவன், அவனுக்கு உதவியாக ஒரு துணைச் சிறுவன். இவர்களின் வயது ஏழெட்டிலிருந்து பதினான்குக்குள். அவர்களுக்கு மேலே வளர்ந்த ஆசிரியர்கள். எல்லோருக்கும் மேலே பெல். பாடங்கள் சிறு சிறு துண்டுகளாக வகுக்கப்பட்டன. ஒரு துண்டு முற்றிலும் தேறாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. நன்றாகச் சொன்னவன் வரிசையில் முன்னேறுவான்; தொடர்ந்து முதலில் நின்றால் மேல்வகுப்புக்கு மாறுவான். துணையாசிரியனாகும் சிறுவனும் தன் இடத்தை நிலையான சொத்தாகக் கருத முடியாது.

தண்டனை விஷயத்தில் பெல் தம் பிள்ளைப் பருவத்தை மறக்கவில்லை. பிரம்பை ஒதுக்கினார். குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதிவாகும். வாரம் ஒருமுறை புத்தகத்தைத் திறந்து, மாணவர்களுள்ளிருந்தே பொறுக்கியெடுத்த நடுவர்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வர். ஆசிரியச் சிறுவன் தன் கையால் யாரையும் அடித்துவிட இயலாது. இது மிக முக்கியமான ஏற்பாடு. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். உபாத்தியாயர் வெளியே போனதும் பிரம்பு சட்டாம்பிள்ளையின் கைக்கு மாறும். அவனுக்கு முறுக்கோ மாங்காயோ கொடுத்தவன் தப்புவான், கொடுக்காதவன் முதுகு வீங்கும் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அன்றைக்கு அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். துணையாளுக்குப் பணியைக் கொடு, தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடாதே என்பதில் பெல் உறுதியாக நின்றார்.

சட்டாம்பிள்ளை என்ற சொல் வந்ததால் ஒன்றைக் கூற வேண்டும். மணலில் எழுதும் வழக்கத்தைத் தமிழ்ப் பள்ளியில் கண்டேன் என்று பெல் ஒப்புக்கொண்டார். பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையோ தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே இறுதிவரை வாதாடினார். இங்கே நமக்கு ஐயம் எழுவது இயல்பு. மூத்த மாணவன் இளையவனுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது நம் பள்ளிகளில் பழங்காலந்தொட்டு வரும் வழக்கம். பெல் பிறப்பதற்கு நூற்று முப்பது ஆண்டுகள் முன்பே, 1623இல், இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே கன்னட நாட்டின் இக்கேரியில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆசிரியர் இல்லாமலே சிறுவர் நால்வர் தரையில் மணலைத் தூவி, எண்களை எழுதிக்கொண்டே ஒருவருக்கொருவர் பாடிப் பாடிக் கற்றதைக் கண்டு அவர் வியந்தார். மணலைக் கண்ட பெல்லின் கண்ணில் சட்டாம்பிள்ளை படவில்லை என்பதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். பழைய வழக்கத்தை ஒழுங்குபடுத்தி, வகுப்புப் பிரித்து, கணக்கு வைத்து, நூலாக எழுதியது அவருடைய உழைப்பு. விதை நம் திண்ணையிலே முளைத்தது.

எழும்பூர்ப் பள்ளியில் தேறிய சிறுவர்களுள் வில்லியம் ஸ்மித் என்பவனைப் பற்றிய செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. 1792 உடன்படிக்கைப்படி பிணையாக வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மைந்தர் இருவரையும் 1794இல் கம்பெனியார் திருப்பி அனுப்பினர். டவ்டன் என்னும் படைத்தலைவர் அவர்களை அழைத்துச் சென்றார். திப்புவுக்குப் பரிசாக விஞ்ஞானக் கருவிகளும் சென்றன. அவற்றை இயக்கிக் காட்டுவதற்கு யாரை அனுப்பினார்கள்? பெல்லின் மாணவன் ஸ்மித்தைத்தான். அநாதை இல்லத்துப் பிள்ளை, மைசூர் மன்னரின் முன்னிலையில் சோதனைகளைச் செய்து விளக்கினான். திப்புவும் விஞ்ஞானத்தில் ஆர்வம் உடையவர். சிறுவயதிலேயே பிறருக்குக் கற்பித்துப் பழகியவன் அரசவையிலும் தடுமாறவில்லை போலும்.

உடல்நலம் குன்றியதால் 1796இல் பெல் சென்னையை விட்டுப் புறப்பட்டார். பல பதவிகளின் வருவாயால் ஏறத்தாழ 25,000 பவுன் சேர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் தம் சென்னைச் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அப்போது அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1798இல் லண்டன் ஆல்ட்கேட் பகுதியிலிருந்த ஒரு தருமப் பள்ளி அம்முறையை மேற்கொண்டது. மறு ஆண்டு கெண்டலில் இன்னொரு பள்ளி. பெல் ஸ்வானேஜ் என்னும் கடற்கரை ஊருக்குக் குருவாகச் சென்று அமைதியாக இருந்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. அம்மை குத்திக்கொள்ளுமாறு ஊராரைத் தூண்டினார்.

இதற்கிடையில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் லண்டனின் சதர்க் பகுதியில் ஏழைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் அவரும் மாணவர்களையே துணையாக வைத்தார். 1803இல் அவர் எழுதிய நூலில் பெல்லுக்கு நன்றி கூறினார். 1804இல் ஸ்வானேஜுக்குச் சென்று பெல்லைக் கண்டார். இருவரும் நட்போடு பிரிந்தனர். பிறகு முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்ற சண்டை மூண்டது. பெல் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தவர். லங்காஸ்டர் குவேக்கர் வகுப்பினர். ஆகவே கல்விச் சண்டை சமயச் சண்டையாயிற்று. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து எழுதித் தீர்த்தது. வழக்கில் இருவரும் அடித்துக்கொண்டிருக்கையில், முதல் சட்டாம்பிள்ளையாகிய ஃபிரிஸ்கனை இரு கட்சியினரும் மறந்துவிட்டனர்.

லங்காஸ்டர் ஒரே ஆசிரியர் ஆயிரம் பேருக்குக் கற்பிக்கலாம் என்றார். பெரிய கூடம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், மணியடித்தால் எழுவது, மணியடித்தால் உட்காருவது. அடிக்கமாட்டேன் என்ற அவர், குற்றம் செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை கட்டினார். கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தொங்கவிட்டார். அதைவிடப் பிரம்படியே மேல் என்று தோன்றுகிறது. கடன்பட்டு, நண்பர்களை இழந்து, 1818இல் அமெரிக்கா சென்று, 1838இல் நியூயார்க் தெருவில் குதிரைவண்டி மோதி இறந்தார்.

பெல்லின் கட்சி வென்றது. 1811இல் திருச்சபையினர் ஏழைகளின் கல்விக்கென நேஷனல் சொசைட்டியை நிறுவினர். மதராஸ் முறையே அதன் முறை. பெல் ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். அவர் காலத்திலேயே பள்ளிகளின் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தை எட்டியது. கனடாவின் நியூ பிரன்சுவிக்கிலும் மதராஸ் பள்ளி என்ற பெயரிலேயே பள்ளிகள் எழுந்தன. கவிஞர்கள் கோல்ரிட்ஜும் சதேயும் அவரைப் போற்றினர். சிறுவர்களிடம் பொறுமையாக இருந்தவர், பார்வையிடச் சென்ற இடங்களில் ஆசிரியர்களைப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே கடிந்துகொள்வார் என்பர். எழும்பூரில் கற்ற பாடத்தை அவரே மறந்தார் என்றுதான் கூற வேண்டும்.

பள்ளிகள் பெருகப் பெருக முறை தேய்ந்தது. எழும்பூரில் இருநூறு பேர். பெல் நாள்தோறும் வந்து நின்றார். இங்கிலாந்திலோ ஆசிரியருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள். துணைச் சிறுவர்களோடு உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் ஏது? ஆசிரியர் விசிலூதும் காவலர் ஆனார். சிறுவன் தான் நேற்று மனப்பாடம் செய்ததை இன்று ஒப்பித்தான். மற்றவர் அவனைப் பார்த்து ஒப்பித்தனர். பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பொழுது கழிந்ததால் அச்சிறுவனின் சொந்தப் படிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. புரவலர்களுக்கு இதைப் பற்றிக் கவலையில்லை. தலைக்கு இத்தனை ஷில்லிங்கில் பள்ளி நடக்கிறதல்லவா! துணையாளை வைத்தது ஆசிரியரின் கையை வலுப்படுத்தவா, ஆசிரியருக்கான செலவை மிச்சப்படுத்தவா என்று கேட்டால், பெரும்பாலான ஊர்களில் இரண்டாவதுதான் உண்மை.

முன்பு உறவு அறுபடும் என்றேனே, அது இங்கே. ஏழைகளின் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டிய அவசியமில்லை. படிக்கத் தெரிந்தால் போதும். அளவுக்கு மிஞ்சிய கல்வி அவர்களைத் தம் நிலையில் மனநிறைவின்றி ஆக்கிவிடும் என்ற கருத்தை பெல் எழுதி வைத்தார். முடிதிருத்துபவரின் மகன், பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவர், ஏழைப் பிள்ளைக்குக் கணக்கு வேண்டாம் என்கிறார்! தாம் ஏறிய ஏணியைத் தாமே எடுத்துவிட்டார். அக்காலத்துச் செல்வர்களைச் சமாதானப்படுத்த அவ்வாறு எழுதினார் என்று சிலர் வாதாடலாம். என் போன்றோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். எங்களால் அந்த வாதத்தை ஏற்றுக்கொள்ள முடியாது. எழும்பூரில் வில்லியம் ஸ்மித்துக்கு விஞ்ஞானம் கற்பித்த அதே கைதான் இதையும் எழுதிற்று என்பது வேதனைக்குரியது.

அம்முறை 1840களில் தளர்ந்தது. 1846இல் கே-ஷட்டில்வொர்த் என்னும் கல்வி அதிகாரி இங்கிலாந்தில் வேறொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பத்து வயதுச் சிறுவனுக்குப் பதிலாகப் பதின்மூன்று வயது நிரம்பியவரே துணையாசிரியர், ஐந்தாண்டுப் பயிற்சி, சிறு சம்பளம், இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒருவர். இவற்றைவிடச் சிறந்தது ஒன்று உண்டு: தலைமையாசிரியர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் பள்ளி வேளைக்கு வெளியே துணையாசிரியர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும், அதற்கு அவருக்கும் தனியே ஊதியம் உண்டு. பெல் எழும்பூரில் தாமாகச் செய்ததை இவர் விதியாக்கினார் என்று கொள்ளலாம்.

இந்தக் கேள்வி பழைய கேள்வியன்று. 2009இல் வெளிவந்த ஓர் ஆங்கில ஆராய்ச்சி, வகுப்பறை உதவியாளரிடம் மிகுதியாக உதவி பெற்ற பிள்ளைகள் எதிர்பார்த்த அளவு முன்னேறவில்லை என்று காட்டிப் பலரைத் திடுக்கிடச் செய்தது. குற்றம் உதவியாளருடையதன்று, பாடத்துக்கு முன் ஆசிரியரும் அவரும் கலந்து பேச நேரமே ஒதுக்கப்படவில்லை, மிகவும் பின்தங்கிய பிள்ளைகளை ஆசிரியர் அவர் பக்கமாகத் தள்ளிவிட்டார் என்று ஆராய்ந்தவர்களே கூறினர். நம் நாட்டில் 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் நடந்த 'பால்சகி' திட்டம் இதற்கு மறுபக்கம். அந்தந்தப் பகுதிப் பெண்களையே பயிற்றுவித்து, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு நாளும் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கச் செய்தனர். வேலை வரையறுக்கப்பட்டிருந்தது, பயிற்சியும் இருந்தது, பிள்ளைகள் தேறினர். ஃபிரிஸ்கனின் மணல் வகுப்பே ஞாபகத்துக்கு வருகிறது.

பெல்லின் சொந்த வாழ்வில் இன்பம் குறைவு. 1800இல் மணம் புரிந்தார்; ஆறாண்டுகளில் கணவனும் மனைவியும் பிரிந்தனர். 1816இல் சுவிட்சர்லாந்து சென்று, உலகம் போற்றிய கல்வியாளர் பெஸ்டலோசியைக் கண்டார். அவருடைய பெருமையை உணரவில்லை. தம் முறையைத் தவிர வேறொன்றும் உலகில் நிலைக்காது என்பது அவர் எண்ணம். பதவிகளும் செல்வமும் குவிந்தன. டர்ஹமில் ஷெர்பர்ன் மருத்துவமனைத் தலைமை, வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் உயர்பதவி. கடைசி ஆண்டுகளில் பேச்சு நின்றுவிட்டது. எழுதிக் காட்டியே பிறரோடு உரையாடினார். 1832ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் செல்டன்ஹமில் காலமானார். அரசர்களும் கவிஞர்களும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

இறப்பதற்கு முந்திய ஆண்டில், வாழ்நாளெல்லாம் எண்ணி எண்ணிச் சேர்த்த பொருளில் 1,20,000 பவுனைக் கல்விக்கென்றே அறக்கட்டளையாக எழுதி வைத்தார். எடின்பரோ, கிளாஸ்கோ, அபெர்டீன், இன்வெர்னஸ் முதலிய ஊர்களுக்கு அதில் பங்கு கிடைத்தது. பெரும்பங்கு அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு. 1833இல் அங்கே ஒரு பள்ளி திறக்கப்பட்டது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே சேர்ந்தனர். எழுத்தும் கணக்கும் படித்தனர். மதராஸ் காலேஜ் என்று அதற்குப் பெயர். 2021இல் புதிய கட்டடத்துக்கு இடம் மாறிய பின்னும் அப்பெயர் மாறவில்லை.